எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்

முறிந்துபோன உலோகப் பாகங்கள் ஏன் முறிந்தன என்று ஆராயும் ஆய்வகம் ஒன்றில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையால் பரப்பை வருடிப் படம் எடுக்கும் ஸ்கேனிங் எலெக்ட்ரான் நுண்ணோக்கி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது, அதை இயக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளி நுண்ணோக்கியில் பல ஆண்டுகள் பழகியவன் என்பதால், ஒரு வாரம் பயிற்சிக்குப் போய் வந்தால் போதும் என்று நிர்வாகமும் நினைத்தது, நானும் நினைத்தேன். கட்டணத்தில் பாதியை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதியும் பயணச் செலவும் தங்கும் செலவும் என் பொறுப்பு. என் மூன்று மாதச் சேமிப்பு அதில் கரைந்தது. அந்தப் பணம் போனதைவிட, அதன் பிறகு வந்த எட்டு மாதங்களில் நடந்தவைதான் என்னை அதிகம் வாட்டின. என்னிடம் அன்றைக்கு யாராவது சில கேள்விகளைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி நடந்திருக்காது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சி ஐந்து நாள் நடந்தது. 24 பேர் இருந்தோம். பாடம் நடத்தியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 1931-இல் மாக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் பெர்லினில் காந்த லென்ஸ்களைக் கொண்டு முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கியது, 1965-இல் ஸ்கேனிங் நுண்ணோக்கி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது, ருஸ்காவுக்கு 1986-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது என்று முதல் நாள் முழுவதும் வரலாறும் இயற்பியலும் சென்றன. கற்றை பட்டதும் மாதிரியிலிருந்து வெளிப்படும் இரண்டாம் நிலை எலெக்ட்ரான்கள் 50 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைந்த ஆற்றல் உடையவை, ஆகவே பரப்பின் மேல் சில நானோமீட்டரிலிருந்து மட்டுமே தப்பி வருகின்றன. மாதிரியில் மோதித் திரும்பிவரும் கற்றை எலெக்ட்ரான்களான பின்சிதறல் எலெக்ட்ரான்கள் தரும் படத்தில், அணு எண் கூடக் கூட அந்த இடம் பிரகாசமாகத் தெரியும். இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் பிற்பகல்தான் நுண்ணோக்கி இருந்த அறைக்குள் சென்றோம். கருவி ஒன்று, சுற்றி நின்றவர்கள் 24 பேர். பயிற்சியாளர் இயக்கினார், நாங்கள் திரையைப் பார்த்தோம். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். ஐந்து நாளில் என் கை குமிழ்களின் மீது இருந்த நேரம் மொத்தம் 25 நிமிடம். அதற்கு முன்பே கருவி முழுமையாகச் சீரமைக்கப்பட்டிருந்ததால், நான் ஃபோகஸ் குமிழைத் திருப்பியதும் கூர்மையான படம் வந்துவிட்டது. எனக்குக் கைவந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஊர் திரும்பியதும் முதல் வாரத்திலேயே சிக்கல் தொடங்கியது. எலெக்ட்ரான்களை உமிழும் பாகத்தைத் துப்பாக்கி என்போம். பயிற்சியில் இருந்தது, வலுவான மின்புலத்தால் எலெக்ட்ரான்களை வெளியிழுக்கும் ஃபீல்டு எமிஷன் வகைத் துப்பாக்கி கொண்ட கருவி. எங்களுடையது டங்ஸ்டன் ஃபிலமென்ட் கொண்டது. ஃபீல்டு எமிஷன் கருவியில் அன்றாடம் இயக்குபவர் ஃபிலமென்ட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய தேவையே இல்லை. டங்ஸ்டனில் அப்படி இல்லை. ஏறத்தாழ 2,700 கெல்வினுக்குச் சூடாகும் அந்த மெல்லிய கம்பிக்குச் செலுத்தும் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், எலெக்ட்ரான் கற்றை ஒரு கட்டம்வரை வலுத்து, அதன் பிறகு சமநிலைக்கு வந்துவிடும். அந்தச் சமநிலை தொடங்கும் இடத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் படம் மேம்படாது, கம்பி மட்டும் வேகமாக ஆவியாகும். சரியாக நடத்தினால் 40 முதல் 100 மணி நேரம் உழைக்கக்கூடிய ஃபிலமென்ட்டை, படம் மங்கலாக இருக்கும்போதெல்லாம் மின்னோட்டத்தைக் கூட்டிக் கூட்டி எரித்தேன். அணைத்த சூடு ஆறும் முன் காற்றை உள்ளே விட்டு இரண்டைக் கெடுத்தேன். இரண்டு மாதத்தில் ஆறு ஃபிலமென்ட்கள் போயின. புதியதைப் பொருத்தும்போது அதன் முனை, அதைச் சூழ்ந்து நிற்கும் வெனெல்ட் மூடி என்ற உலோகத் தொப்பியின் துளைக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும் என்பதைக்கூட நான் கையேட்டைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: பயிற்சியில் பயன்படுத்தும் கருவியின் எலெக்ட்ரான் துப்பாக்கியும், நீங்கள் நாளை இயக்கப்போகும் கருவியின் துப்பாக்கியும் ஒரே வகையா? இல்லையென்றால், அந்த வேறுபாட்டுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவார்களா?

மூன்றாம் மாதத்தில் நடந்ததை எழுத இப்போதும் மனம் கூசுகிறது. முறிந்த தண்டு ஒன்றின் துண்டைச் சாய்வாகப் பொருத்தியிருந்தேன். அதன் ஒரு விளிம்பு மற்றொன்றைவிட 9 மி.மீ. உயரமாக இருந்தது. லென்ஸின் அடிமுனைக்கும் மாதிரிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கருவி நேரடியாக அளப்பதில்லை; நாம் எங்கே ஃபோகஸ் செய்கிறோமோ அந்த இடத்தின் தூரத்தை லென்ஸ் மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்டுக் காட்டுகிறது. நான் 50 மடங்கு உருப்பெருக்கத்தில், தாழ்ந்த சரிவில் ஃபோகஸ் செய்துவிட்டு, 18 மி.மீ. என்று வந்த எண்ணை மாதிரியின் உயரமாக மென்பொருளில் பதிந்துவிட்டேன். பிறகு 10 மி.மீ. தூரத்துக்கு வரும்படி, மாதிரியைத் தாங்கி நகர்த்தும் மேடையான ஸ்டேஜுக்குக் கட்டளையிட்டேன். அறைக்குள் இருக்கும் அகச்சிவப்புக் கேமராவின் சாம்பல் நிறப் படத்தில் மாதிரி மெல்ல மெல்ல உயர்ந்தது. அது நின்றுவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உயர்ந்த விளிம்பு லென்ஸின் அடியில் இருந்த பின்சிதறல் டிடெக்டரைத் தொட்டு, அதன் தகட்டைச் சற்றே சாய்த்தது. அப்புறம்தான் எச்சரிக்கை மணி ஒலித்தது. மோதிய சத்தம் மட்டும் கேட்கவே இல்லை. வெற்றிடத்தில் எப்படிக் கேட்கும்? காற்றை விட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோது டிடெக்டரில் குறுக்காக ஒரு விரிசல் இருந்தது. மாற்று டிடெக்டர் வந்து பொருத்தி முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரமும் எங்கள் வேலைகளை வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எனக்கு ஊதிய உயர்வு வரவில்லை. யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் கனமாக இருந்தது.

இதில் இரண்டு நுட்பங்கள் இருக்கின்றன, இரண்டையும் எந்தப் பயிற்சியும் முதல் நாளிலேயே கற்றுத்தர வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் ஸ்கேனிங் நுண்ணோக்கியின் புல ஆழம் மிகப் பெரியது. பல மில்லிமீட்டர் மேலும் கீழும் எல்லாமே கூர்மையாகத் தெரியும். ஆகவே அங்கே ஃபோகஸ் செய்து கிடைக்கும் தூரம் பல மில்லிமீட்டர் பிழையாக இருக்கலாம். குறைந்தது 1,000 அல்லது 2,000 மடங்குக்குப் போய், அங்கே கூர்மை செய்த பிறகே உயரத்தைப் பதிய வேண்டும். அடுத்தது, பதியும் இடம் மாதிரியின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும். உள்ளே வைப்பதற்கு முன்பே அந்தப் புள்ளியை அளவுகோலால் அளந்து எழுதிவைப்பது இப்போது என் வழக்கம். ஸ்டேஜ் மேலே ஏறும்போது ஒரு விரல் நிறுத்தும் பொத்தானின் மேலேயே இருக்கும்.

டிடெக்டர் வந்த பிறகு நடந்த தவறுதான் மிகப் பெரியது, ஏனெனில் அதன் விளைவை என்னைத் தவிர வேறொருவரும் சுமந்தார். 316 வகைத் துருப்பிடிக்காத எஃகால் ஆன போல்ட் ஒன்று முறிந்து எங்களிடம் வந்தது. முறிவுப் பரப்பைப் படம் எடுத்தேன், பிறகு, கற்றை பட்டதும் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ்-கதிர்களின் ஆற்றலைக் கொண்டு அவற்றை அடையாளம் காணும், இ.டி.எஸ். என்று நாங்கள் சொல்லும் ஆய்வை 15 கிலோவோல்ட்டில் செய்தேன். நிறமாலையில் 2.3 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் அருகே ஒரு சிறு முகடு எழுந்தது. மென்பொருள் அதன் தலையில் கந்தகம் என்று தானாகவே பெயர் எழுதியது. கந்தகம் என்றதும் என் மனத்தில் ஒரு கதை முழுதாக உருவாகிவிட்டது: மசகெண்ணெயில் இருந்த கந்தகச் சேர்மம் பரப்பை அரித்திருக்க வேண்டும். அப்படியே அறிக்கை எழுதினேன். வாடிக்கையாளர் எண்ணெயை மாற்றினார். எண்ணெய் கொடுத்தவரோடு அவருக்கு மனக்கசப்பும் ஏற்பட்டது. ஏழு வாரத்தில் இரண்டாவது போல்ட் முறிந்தது.

அவர் அதை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே அதே ஆய்வை 30 கிலோவோல்ட்டில் செய்தபோது 17.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் மாலிப்டினத்தின் முகடு தெளிவாக நின்றது. 316 எஃகில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இயல்பாகவே உண்டு என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில ஆற்றல்களில் முகடு தரும்; அவற்றை கே வரி, எல் வரி என்று பெயரிட்டு அழைப்போம். ஆனால் மாலிப்டினத்தின் எல் வரி 2.293 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், கந்தகத்தின் கே வரி 2.308, இடைவெளி ஏறத்தாழ 15 எலெக்ட்ரான் வோல்ட் மட்டுமே. இ.டி.எஸ். டிடெக்டரின் பிரித்தறியும் திறனோ மாங்கனீஸ் வரியில் 130 எலெக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். இரண்டு முகடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து ஒரே முகடாகத்தான் தெரியும். மாலிப்டினத்தின் கே வரியை எழுப்ப 20 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேல் வேண்டும். 15 கிலோவோல்ட்டில் அது எழவே எழாது. நான் தேர்ந்தெடுத்த மின்னழுத்தமே உண்மையை மறைத்துவிட்டது. ஈயமும் இதே 2.3 அருகில்தான் வரும். டைட்டானியமும் வனேடியமும் 4.9 அருகே இப்படியே மோதும். மின்சாரம் கடத்துவதற்காகத் தங்கப் பூச்சு கொடுத்த மாதிரியில் 2.1 அருகே எழும் தங்கத்தின் முகடு பாஸ்பரஸையும் சிர்க்கோனியத்தையும் மூடிவிடும். வேதி ஆய்வுக்குப் போகும் மாதிரிக்குக் கார்பன் பூசுவது அதனால்தான். இதற்கு மிக எளிய ஒரு சோதனை இருக்கிறது: அதே போல்ட்டைக் குறுக்கே அறுத்து, சுத்தமான உட்பரப்பிலும் ஒரு நிறமாலை எடுக்க வேண்டும். அங்கேயும் அதே அளவு முகடு இருந்தால், அது வெளியிலிருந்து வந்த அழுக்காக இருக்க முடியாது, உலோகத்திலேயே இருப்பது. பத்து நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

அந்த ஆய்வகத்தின் அறிக்கையில் என்னை இன்னும் ஆழமாகத் தைத்த ஒரு படம் இருந்தது. முறிவுப் பரப்பில், நெல் வயலின் வரப்புகளைப் போல, நெருக்கமான இணை வரிகள் ஓடின. திரும்பத் திரும்ப விழும் சுமையால் விரிசல் சிறுகச் சிறுக வளர்ந்திருக்கிறது என்பதற்கான கையெழுத்து அது. சாதாரண ஃபட்டீக் முறிவு, மரையின் அடிப்பள்ளத்தில் தொடங்கியது. கந்தகத்துக்கும் எண்ணெய்க்கும் அதில் எந்தத் தொடர்பும் இல்லை. நான் எடுத்த படத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். என் படத்தில் வரிகளே இல்லை. பரப்பு வழவழப்பாக, ஒரு திசையில் தேய்த்துவிட்டதுபோல் இருந்தது. மூன்று நாள் யோசித்தும் காரணம் புரியவில்லை. அந்த அறிக்கையை எழுத்து மூலமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்; எண்ணெய் கொடுத்தவருக்கும் தனியாக ஒரு கடிதம் எழுதினேன்.

இந்தக் கருவியிடம் எனக்கு அச்சம் வந்தது அப்போதுதான். உடைந்த கருவி வேலை செய்யாமல் நின்றுவிடும், நாமும் நிறுத்திவிடுவோம். சீரமைக்கப்படாத எலெக்ட்ரான் நுண்ணோக்கி நிற்காது. எப்போது கேட்டாலும் ஒரு படத்தையும் ஒரு நிறமாலையையும் தந்துகொண்டே இருக்கும், அவை நம்பும்படியாகவும் இருக்கும். அந்தப் படம் சரியா என்று சொல்ல உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் கையும்தான் உண்டு. அதைக் கற்றுத்தராத பயிற்சி, எவ்வளவு நல்ல இயற்பியலைச் சொன்னாலும், பொறியாளருக்கும் டெக்னீஷியனுக்கும் போதாது.

இரண்டாவது பயிற்சிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு முழுவதும் என் செலவில் போனேன். இம்முறை பணம் கட்டும் முன் தொலைபேசியில் அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். ஒரு கருவிக்கு எத்தனை பேர், ஒவ்வொருவர் கையும் எத்தனை மணி நேரம் குமிழ்களில் இருக்கும், என் சொந்த மாதிரிகளைக் கொண்டுவரலாமா, கருவியை வேண்டுமென்றே கலைத்துவைத்து எங்களைச் சீரமைக்கச் சொல்வீர்களா. கடைசிக் கேள்விக்கு மறுமுனையில் இருந்தவர், "அதுதான் இங்கே தினமும் முதல் வேலை" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் பணம் கட்டிவிட்டேன். ஒரு கருவிக்கு மூன்று பேர், பத்து நாள், ஆளுக்கு ஏறத்தாழ 20 மணி நேரம். பேச்சு குறைவு.

முதல் நாள் காலை உட்கார்ந்ததும் படம் மங்கலாக இருந்தது. ஃபோகஸ் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினேன். "ஐயா, ஃபோகஸ் வரவில்லை" என்றேன். பயிற்சியாளர் பின்னால் நின்றுகொண்டே, "ஃபோகஸை விடுங்கள். வாபிளைப் போடுங்கள். படம் இருக்கும் இடத்திலேயே துடிக்கிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வாபிள் என்பது ஃபோகஸைத் தானாகவே முன்னும் பின்னும் ஆட்டிக்காட்டும் வசதி. அதைப் போட்டதும் படம் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. கற்றை கடந்துபோகும் சிறு துளையான அப்பெர்ச்சர் மையத்தில் இல்லை. இரண்டு திருகுகளையும் மெல்லத் திருப்பி, ஆட்டம் நின்று படம் ஓரிடத்தில் நின்று துடிக்கும்வரை கொண்டுவர எனக்கு 40 நிமிடம் ஆயிற்று. பத்தாம் நாள் அதையே ஒரு நிமிடத்துக்குள் செய்தேன்.

பிறகு ஸ்டிக்மேட்டர், அதாவது ஒரு திசையில் நீண்டுபோன கற்றையை மறுபடி வட்டமாக்கும் குமிழ்கள். வெள்ளீயக் குண்டுகள் தூவிய சோதனை மாதிரியை வைத்தார். சரியான ஃபோகஸுக்குச் சற்று மேலே போனால் எல்லாக் குண்டுகளும் ஒரு திசையில் நீண்டு முட்டைபோல் ஆயின. சற்றுக் கீழே வந்தால் அதற்குச் செங்குத்தான திசையில் நீண்டன. நடுவில் நீட்சி இல்லை, ஆனால் கூர்மையும் இல்லை. அந்த நடு இடத்தில் ஃபோகஸை நிறுத்திவிட்டு, முதலில் எக்ஸ் ஸ்டிக்மேட்டரைக் கூர்மை உச்சத்துக்கு வரும்வரை திருப்பி, அடுத்து ஒய், மறுபடி ஃபோகஸ், மறுபடி எக்ஸ் என்று இரண்டு மூன்று சுற்று போக வேண்டும். குண்டுகள் நீண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் போல்ட் படம் நினைவுக்கு வந்தது. கற்றை ஒரு திசையில் நீண்டிருந்தால், அந்தத் திசைக்குக் குறுக்கே ஓடும் நுண்ணிய வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். ஃபட்டீக் வரிகள் என் மாதிரியில் இல்லாமல் இல்லை. சரிசெய்யாத கற்றையால் நானே அவற்றைத் துடைத்திருக்கிறேன்.

வேறு சிலவற்றையும் அங்கேதான் கற்றேன். வெறுங்கையால் தொட்ட மாதிரியின் எண்ணெய்ப் பசை வெற்றிடத்தில் எழுந்து, கற்றை படும் இடத்தில் படிந்து, அந்தச் சதுரத்தையே கறுப்பாக்கிவிடும்; ஆகவே கையுறை இல்லாமல், மாதிரியை ஒட்டிவைக்கும் சிறு உலோகத் தாங்கியான ஸ்டப்பைக்கூடத் தொடக் கூடாது. 20 கிலோவோல்ட்டில் எலெக்ட்ரான்கள் இரும்புக்குள் ஏறத்தாழ ஒன்றரை மைக்ரான்வரை பாயும், 5 கிலோவோல்ட்டில் அதில் பத்தில் ஒரு பங்கு ஆழமே போகும். மெல்லிய படலத்தைப் பார்க்க வேண்டுமானால் மின்னழுத்தத்தைக் குறைப்பதே வழி. திரவ நைட்ரஜன் பயன்படுத்தும் அறைகளில் பணியாற்றப் போகிறவர்கள் பாதுகாப்புப் பாடம் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். மணமோ நிறமோ இல்லாமல் ஆக்சிஜனை வெளியே தள்ளும். ஊடுருவு நுண்ணோக்கியில், அதாவது டி.இ.எம்.-இல், பணியாற்றப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. அதில் மாதிரியின் தடிமன் பொதுவாக 100 நானோமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும், உழைப்பில் பெரும்பகுதி அதைத் தயாரிப்பதிலேயே போகும். தயாரிப்பைக் கையால் செய்யவிடாத டி.இ.எம். பயிற்சியில் சேராதீர்கள்.

பயிற்சி முடிந்த அடுத்த நாளே சொந்தக் கருவியின் முன் உட்கார வேண்டும். இரண்டு வாரம் தள்ளிப்போனால் கை மறந்துவிடும். திங்கட்கிழமைதோறும் காலையில் ஒரே வெள்ளீய மாதிரியை, ஒரே உருப்பெருக்கத்தில், ஒரே மின்னழுத்தத்தில் படம் எடுத்துத் தேதியோடு சேமிக்கிறேன். கருவி மெல்லக் கெடுவது அந்த வரிசையில்தான் முதலில் தெரிகிறது. ஃபிலமென்ட் எரிந்த மணிக்கணக்கையும் ஒரு தாளில் எழுதிவருகிறேன். கடைசியாக மாற்றியது 90 மணி நேரத்துக்கு மேல் நின்றது. இ.டி.எஸ். மென்பொருள் தானாக வைக்கும் பெயர் எதையும், அந்தத் தனிமத்தின் இரண்டாவது வரியைக் கண்ணால் பார்க்கும்வரை அறிக்கையில் எழுதுவதில்லை.

அந்த முதல் போல்ட்டை அலமாரியிலிருந்து எடுத்து, திரும்பி வந்த வாரமே மறுபடி உள்ளே வைத்தேன். அதே இடம், அதே 2,000 மடங்கு. வாபிள், அப்பெர்ச்சர், எக்ஸ், ஒய், ஃபோகஸ். வரிகள் வந்தன, முதலில் ஒரு மூலையில், பிறகு திரை முழுவதும். இரண்டு படங்களையும் அச்செடுத்துக் கருவியின் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் டெக்னீஷியன்களுக்கு நான் கொடுக்கும் முதல் மாதிரி அந்த போல்ட்தான். அப்பெர்ச்சரையும் ஸ்டிக்மேட்டரையும் கலைத்துவைத்துவிட்டு, அந்த வரிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லி, பின்னால் நிற்கிறேன்.